வயசான நாய்க்குக் காலில் அடிபட்டால்: மற்ற மூன்று கால்களையும் சேர்த்துப் பாருங்கள்

வயசான நாய்க்குக் காலில் அடிபட்டுவிட்டால் எல்லாருமே அந்தக் காலைத்தான் பார்ப்போம். வீக்கம் வடிகிறதா, கட்டு நிற்கிறதா, ஊன்றுகிறதா என்று கண் அதிலேயே இருக்கும். கிழட்டு நாய்க்கு அது மட்டும் போதாது. ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிற நாயின் எடை முழுவதும் மற்ற மூன்று கால்களில் இறங்குகிறது, அந்த மூன்றிலும் ஏற்கெனவே கொஞ்சம் மூட்டுத் தேய்மானம் இருக்கும், போதாததற்கு வாரக்கணக்கில் படுத்தே கிடந்தால் தொடைச் சதை வற்றிப்போகும். "கால் ஆறிடுச்சு, ஆனா எழுந்திருக்கவே மாட்டேங்குது" என்று சொல்கிற வீடுகளில் பெரும்பாலும் நடந்திருப்பது இதுதான். அதனால் இந்தக் கட்டுரையில் அடிபட்ட காலுக்கு எவ்வளவு இடமோ, தரைக்கும் நகத்துக்கும் எடைக்கும் அவ்வளவு இடம் இருக்கும்.

முதல் முறையாக இப்படி ஒரு நாயை வைத்துப் பார்க்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். சின்ன உடம்பு நாய் என்றால் பத்து வயசு வாக்கில் முதுமை ஆரம்பிக்கும். ராஜபாளையம், லேப்ரடார் மாதிரிப் பெரிய உடம்பு என்றால் ஏழெட்டிலேயே. எங்கள் பக்கம், கும்பகோணத்துக்கும் பாபநாசத்துக்கும் நடுவில், நாய்க்குக் காலில் அடிபடுகிற வழிகள் ஏறக்குறைய தெரிந்தவைதான். ரோட்டோரத்தில் பைக் தட்டிவிடுவது ஒன்று. வரப்பில் ஓடும்போது நண்டு வளையிலோ எலி வளையிலோ கால் இறங்கி முறுக்கிக்கொள்வது இன்னொன்று. வயலில் எலிக்கு வைத்த மூங்கில் கிட்டியில், தஞ்சாவூர் கிட்டி என்றே பெயர் வாங்கியது அது, பாதம் மாட்டிக்கொள்வதும் உண்டு. கயிறு இறுக்கின இடம் வெளியே லேசாகத் தெரியும், உள்ளே நன்றாக நசுங்கியிருக்கும். இப்போது நாலாவதாக, டைல்ஸ் போட்ட கூடத்தில் சும்மா எழுந்திருக்கும்போதே பின்னங்கால் இரண்டும் விரிந்து வழுக்கிவிடுவது. வயசான நாய்களுக்கு இந்தக் கடைசி வகையைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

முதல் ஒரு மணி நேரம்

எவ்வளவு சாதுவான நாயும் வலியில் கடிக்கும். பத்து வருஷம் மடியில் படுத்த நாயாக இருந்தாலும் சரி. வயசான நாய்க்குக் காதும் கண்ணும் மந்தமாக இருக்கும் என்பதால் பின்னாலிருந்து போய்த் தொடாதீர்கள், முன்பக்கமாக வந்து, பேசிக்கொண்டே, கையை மோந்து பார்க்க விடுங்கள். தூக்குவதற்கு முன் நீளமான துணிக் கிழிசலால் வாயை ஒரு சுற்றுச் சுற்றி, தாடைக்குக் கீழே குறுக்காக எடுத்து, காதுக்குப் பின்னால் முடிச்சுப் போடலாம். வாந்தி எடுக்கிற நாய்க்கும் மூச்சு வாங்குகிற நாய்க்கும் இதைச் செய்யக் கூடாது, வெயிலில் நெடுநேரம் விட்டுவைக்கவும் கூடாது, ஏனென்றால் நாய் உடம்புச் சூட்டை வாய் வழியாகத்தான் தணித்துக்கொள்கிறது. தப்பித்தவறிக் கடித்துவிட்டால், நம் வீட்டு நாய்தானே என்று விடாமல், சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள்.

அப்புறம் ஈறைப் பாருங்கள். ரோஜா நிறமாக இருக்க வேண்டும், விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் பழைய நிறத்துக்கு வர வேண்டும். ஈறு வெள்ளையாகக் கிடந்தால் காலை மறந்துவிடுங்கள், உள்ளே ரத்தம் கசிகிறது என்று எடுத்துக்கொண்டு வண்டியைக் கூப்பிடுங்கள். வெளியே ரத்தம் வந்தால் சுத்தமான துணியை மடித்து வைத்து ஐந்து பத்து நிமிஷம் விடாமல் அழுத்துங்கள், நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்க வேண்டாம். வண்டி மோதின நாய் அடுத்த அரை நாளுக்குள் மூத்திரம் போகிறதா என்று கவனியுங்கள், மூத்திரப்பை கிழிந்திருந்தால் முதலில் அதுதான் காட்டிக்கொடுக்கும்.

கால் கோணிக்கொண்டு தொங்கினால் நேராக்க முயல வேண்டாம். குச்சி வைத்துக் கட்டுவதும் வேண்டாம். தவறான இடத்தில் கட்டின குச்சி, முறிந்த எலும்பைத் தோலைக் குத்திக்கொண்டு வெளியே வர வைத்துவிடும். கனமான ஜமுக்காளம் ஒன்றை விரித்து, நாயை மெதுவாக அதன்மேல் இழுத்து, இரண்டு பேர் நான்கு முனையையும் பிடித்துத் தூக்கினால் போதும். முதுகிலும் அடி என்று சந்தேகம் வந்தால் பலகைதான் நல்லது.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன், நம் ஊர் வயல்காட்டில் இது முக்கியம். நாய் வயலிலிருந்தோ வைக்கோல் போர் பக்கத்திலிருந்தோ நொண்டிக்கொண்டு வருகிறது, கால் கண்ணெதிரே வீங்கிக்கொண்டே போகிறது, பல் பட்ட இடத்திலிருந்து ரத்தம் உறையாமல் வடிகிறது என்றால் அது சுளுக்கு இல்லை. எலி இருக்கிற இடத்தில் கண்ணாடி விரியன் இருக்கும். கயிறு போட்டு இறுக்காமல், கீறாமல், நாயை நடக்கவும் விடாமல் தூக்கிக்கொண்டு நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

யாரிடம் காட்டுவது, என்ன கேட்பது

சாதாரண நொண்டலுக்குப் பக்கத்து அரசு கால்நடை மருந்தகம் போதும். அங்கே இருக்கிற டாக்டர் தொட்டுப் பார்த்தே எலும்பா தசையா என்று சொல்லிவிடுவார். எக்ஸ்ரே, அறுவை சிகிச்சை என்று போக வேண்டியிருந்தால் நம் பகுதிக்குக் கைக்கெட்டும் தூரத்தில் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. எந்த நாளில் என்ன பார்க்கிறார்கள் என்று போனில் கேட்டுக்கொண்டு கிளம்பினால் கிழட்டு நாயை வீணாக அலைக்கழிக்க வேண்டாம். 1962 என்ற எண் கால்நடைகளுக்கான நடமாடும் மருத்துவ வண்டிக்கு. முக்கியமாக ஆடு மாடுகளை நினைத்து வந்த ஏற்பாடுதான், ஆனாலும் வண்டி வசதி இல்லாத கிராமத்தில் இருந்தால் கூப்பிட்டுக் கேளுங்கள்.

"எலும்பு முறிவா, தசைநார் கிழிசலா, மூட்டு விலகலா?" என்பது முதல் கேள்வி. ஏனென்றால் கால அளவு முழுக்க அதைப் பொறுத்தது. லேசான சுளுக்கு இரண்டு மூன்று வாரத்தில் அடங்கும். எலும்பு சேர்வதற்கு வளர்ந்த நாய்க்கே எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும், வயசானதுக்கு இன்னும் நீளும். பின்னங்கால் முழங்காலுக்குள் இருக்கிற குறுக்குத் தசைநார் கிழிவது வயசான, கொஞ்சம் குண்டான நாய்களிடம் ரொம்பவும் சகஜம். கட்டைவிரலில் நிற்பது மாதிரி பாதத்தின் நுனியை மட்டும் தரையில் தொட்டுக்கொண்டு நிற்கும். பதினைந்து கிலோவுக்குக் கீழே இருக்கிற நாய்கள் ஓய்விலும் எடைக் குறைப்பிலும் நன்றாகவே தேறிவிடுவதுண்டு, பெரிய நாய்களுக்கு அறுவை சிகிச்சை தேவைப்படும் வாய்ப்பு அதிகம்.

இரண்டாவது கேள்வி ரத்தப் பரிசோதனை பற்றியது. மயக்க மருந்து கொடுக்கும் முன்னும், நெடுநாள் வலி மாத்திரை தொடங்கும் முன்னும், கல்லீரலும் சிறுநீரகமும் எப்படி இருக்கின்றன என்று பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இளம் நாய்க்கு விட்டுவிடலாம், கிழட்டு நாய்க்கு விடக் கூடாது. அடிபட்டதாக யாரும் பார்க்கவில்லை, ஆனால் நொண்டுகிறது, அதுவும் இன்றைக்கு ஒரு கால் நாளைக்கு ஒரு கால் என்று மாறுகிறது, உடம்பில் உண்ணியும் இருக்கிறது என்றால் உண்ணிக் காய்ச்சலுக்கும் அதே ரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள். பெரிய நாய்க்கு ஒரே இடத்தில் கெட்டியாக வீங்கி, வாரங்கள் போகப் போக வலி கூடினால் எலும்புப் புற்றாகவும் இருக்கலாம். அதை எக்ஸ்ரே இல்லாமல் சுளுக்கு என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

உளுந்து மாவும் முட்டை வெள்ளைக்கருவும் குழைத்துப் போடுகிற கட்டுக்கு நாயைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதன் மேல் அவர்களுக்கு இருக்கிற நம்பிக்கையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நாய்க்காலில் சதை குறைவு, அந்தக் கட்டு காய்ந்து இறுகினால் கீழே பாதத்துக்கு ரத்தம் போகாது, "வலிக்கிறது, அவிழ்த்துவிடு" என்று சொல்ல நாய்க்கு வாயும் இல்லை. பாதமே அழுகி, கடைசியில் காலை எடுக்க வேண்டி வரும். எக்ஸ்ரே பார்த்த டாக்டர் போடுகிற கட்டு மட்டும் போதும்.

மாத்திரை விஷயத்தில் கண்டிப்பு

வீட்டில் நமக்கு வாங்கி வைத்திருக்கும் வலி மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள். இப்யூபுரூஃபன், டைக்ளோபினாக் இரண்டும் நாயின் வயிற்றில் புண் உண்டாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பாராசிட்டமால் அளவு தப்பினால் கல்லீரலைக் கெடுக்கும். டைக்ளோபினாக்கைக் கால்நடை மருந்தாகப் பயன்படுத்துவதற்கு 2006இலேயே நம் நாட்டில் தடை வந்துவிட்டது, அது பாறு கழுகுகளைக் காப்பாற்றுவதற்காக வந்த தடை. ஆனால் மனுஷர்களுக்கான அட்டை எல்லா மருந்துக்கடையிலும் கிடைக்கிறது, அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

டாக்டர் பெரும்பாலும் மெலாக்சிகாம் மாதிரி ஏதாவது எழுதுவார். நாயின் எடைக்குக் கணக்குப் போட்டுத்தான் அளவு, அதனால் எடையை உத்தேசமாகச் சொல்லாமல், அரிசிக்கடைத் தராசிலாவது நிறுத்துக்கொண்டு போங்கள். சாப்பாட்டோடு கொடுங்கள். சாப்பிடாத நாளில் கொடுக்காமல் டாக்டருக்குப் போன் பண்ணுங்கள். வாந்தி, தார் மாதிரிக் கறுத்த மலம், திடீரென்று சோற்றை ஒதுக்குவது, இதில் எது தெரிந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டுக் கூப்பிடுங்கள். தோல் வியாதிக்காக ஸ்டீராய்டு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், இரண்டும் சேரக் கூடாது.

வலி குறைந்த உடனே நாய் எழுந்து ஓடப் பார்க்கும். கால் ஆறிவிட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை, மருந்து வேலை செய்கிறது என்றுதான் அர்த்தம். பாதி நாய்களுக்கு இரண்டாவது தடவை அடிபடுவது இந்த நாட்களில்தான் என்பது என் எண்ணம்.

தரையை முதலில் சரிசெய்யுங்கள்

எனக்கு இந்தப் பகுதி எல்லாவற்றையும்விட முக்கியம். நாயின் உடம்பு எடையில் ஏறக்குறைய அறுபது பங்கு முன்னங்கால்களில், நாற்பது பங்கு பின்னங்கால்களில். பின்னங்காலில் ஒன்று போனால் மூன்று காலில் சமாளிக்கும். முன்னங்கால் போனால் ரொம்பத் திணறும். எதுவாயிருந்தாலும், மூன்று காலில் நிற்கிற கிழட்டு நாய் மொசைக்கிலோ டைல்ஸிலோ சிவப்புச் சிமெண்டுத் தரையிலோ ஒரு தடவை வழுக்கினால் போதும், நல்ல காலும் போய்விடும்.

அதனால் டாக்டரிடமிருந்து வந்த அன்றைக்கே படுக்கிற இடத்திலிருந்து தண்ணீர்க் கிண்ணம் வரைக்கும், அங்கிருந்து கொல்லை வாசல் வரைக்கும் ஒரு பாதை போடுங்கள். கோரைப்பாய் வேண்டாம், வழவழ தரையில் பாயே நகரும். பழைய சணல் சாக்கைப் பிரித்து, ஓரங்களை டேப் போட்டுத் தரையோடு ஒட்டலாம். அடியில் ரப்பர் உள்ள மிதியடி இன்னும் நல்லது. வாசப்படி உயரமாக இருந்தால் அகலமான பலகையைச் சாய்த்து அதன்மேல் சாக்கு சுற்றிவிடுங்கள். திண்ணையில் ஏறிப் படுத்துப் பழகின நாய் என்றால் அந்த இடத்தை நாற்காலி வைத்து மறித்துவிடுங்கள். ஏறுவது எப்படியோ ஏறிவிடும், குதிக்கும்போதுதான் கெடும்.

நகத்தையும் இப்போதே பாருங்கள். படுத்தே கிடக்கிற நாய்க்கு நகம் தேயாது. தரையில் நடக்கும்போது டக் டக் என்று சத்தம் வந்தால் நீளம் அதிகம். நீளமான நகம் பாதத்தைப் பின்னால் தள்ளி வழுக்கவிடும். நுனியை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுங்கள், கறுப்பு நகமாக இருந்து ரத்தக் குழாய் எங்கே என்று தெரியாவிட்டால் டாக்டரிடமே வெட்டிக்கொள்ளலாம். பாதத்து மெத்தைகளுக்கு நடுவில் வளர்ந்த முடியையும் கத்தரித்துவிடுங்கள்.

படுக்கை கனமாக இருக்க வேண்டும். வெறுந்தரையில் மணிக்கணக்காகக் கிடந்தால் முழங்கையிலும் இடுப்பெலும்பிலும் படுக்கைப்புண் வந்துவிடும். நம் ஊரில் செலவில்லாத வழி, சாக்கில் காய்ந்த வைக்கோலைத் திணித்து மேலே பழைய போர்வையை விரிப்பது. ஆனால் வைக்கோல் ஈரம் வாங்கினால் பூஞ்சை பிடிக்கும், உண்ணியும் அதில் தங்கும், ஆகவே வாரத்துக்கு ஒரு தடவையாவது மாற்றுங்கள். தானாகத் திரும்பிப் படுக்க முடியாத நாயை மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை நீங்களே பக்கம் மாற்றிவிட வேண்டும், ராத்திரியும் ஒரு தடவை.

கட்டும் புண்ணும்

மாவுக்கட்டோ பஞ்சுக்கட்டோ போட்டிருந்தால் நடு விரல்கள் இரண்டின் நுனி வெளியே தெரியும்படி விடுவார்கள். தினமும் காலையும் மாலையும் அந்த இரண்டு நகங்களைப் பாருங்கள். ஒன்றோடொன்று ஒட்டியிருக்க வேண்டியவை விலகி விரிந்தால் உள்ளே வீக்கம் ஏறுகிறது. விரல் சில்லென்று இருந்தாலும், கட்டிலிருந்து நாற்றம் வந்தாலும், நாய் திடீரென்று கட்டையே கடிக்க ஆரம்பித்தாலும், நாளை பார்க்கலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். வெளியே போகும்போது பால் கவர் மாதிரி ஒரு பிளாஸ்டிக்கைச் சுற்றிக் கட்டிவிட்டு, உள்ளே வந்ததும் கழற்றிவிடுங்கள், விட்டுவைத்தால் உள்ளே வியர்த்து ஊறிவிடும்.

திறந்த புண் இருந்தால், கொதித்து ஆறின ஒரு லிட்டர் தண்ணீரில் ஒன்றரை டீஸ்பூன் உப்புப் போட்டு அதில் கழுவுங்கள். பொவிடோன் அயோடினைத் தண்ணீர் கலந்து வெளிறின டீ நிறத்துக்குக் கொண்டுவந்துதான் ஊற்ற வேண்டும். காப்பித்தூள், சாம்பல், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈ மொய்த்துவிட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடும். நாற்றமும், ஈரமான சின்ன ஓட்டையும், நாய் அந்த இடத்தையே விடாமல் கடிப்பதும் அடையாளம். அதில் மண்ணெண்ணெய், பினாயில் ஊற்றுவதும், அந்துருண்டையைப் பொடித்து வைப்பதும் ஊர் வழக்கம். மூன்றுமே நாய்க்கு விஷம். புழு என்று தெரிந்தால் டாக்டர்தான். நக்காமல் இருக்கக் கழுத்துக் கூம்பு கிடைக்காவிட்டால் தலை நுழைகிற அளவு பிளாஸ்டிக் வாளியின் அடியை வெட்டி, ஓரத்துக்குத் துணி சுற்றி மாட்டலாம்.

வீக்கத்துக்கு முதல் இரண்டு மூன்று நாள் துணியில் சுற்றின ஐஸ், ஒரு தடவைக்குப் பத்து நிமிஷம், நாளைக்கு மூன்று நான்கு தடவை. அதன் பிறகு, வீக்கம் வடிந்ததும், சூட்டு ஒத்தடம். நெல் தவிட்டை வறுத்துத் துணியில் முடிந்து கொடுக்கிற தவிட்டு ஒத்தடம் நாய்க்கும் நன்றாகவே கேட்கிறது. உங்கள் மணிக்கட்டின் உட்பக்கத்தில் வைத்துப் பார்த்து, சுடாமல் இதமாக இருந்தால் மட்டும் வையுங்கள். அடிபட்ட காலுக்கு மட்டுமல்ல, மற்ற பக்கத்து இடுப்புக்கும் தோளுக்கும் கொடுங்கள். அவைதான் பாரம் சுமக்கின்றன.

வெளியே கூட்டிப்போவது

முதல் இரண்டு வாரம் ஓய்வு என்றால் மூத்திரத்துக்கும் மலத்துக்கும் மட்டும், அதுவும் கயிற்றில். வயசான நாய் எழுந்திருக்கச் சோம்பி மூத்திரத்தை அடக்கும், அது நல்லதில்லை, நாலைந்து மணிக்கு ஒரு தடவையாவது எழுப்புங்கள். பின்னங்கால் அடி என்றால் பழைய வேட்டியை ஒரு சாண் அகலத்துக்கு மடித்து, பின் தொடைக்குக் கொஞ்சம் முன்னால் வயிற்றுக்கடியில் கொடுத்து, இரண்டு முனையையும் மேலே சேர்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள். தூக்கிக்கொண்டு போக வேண்டாம், எடையில் கொஞ்சத்தை வாங்கிக்கொண்டால் போதும். ஆண் நாய்க்குக் குறி அழுந்தாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். படுத்தபடியே நனைத்துவிட்டால் திட்டாதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் துடைத்து, ஈரம் போக உலர்த்துங்கள், ஊறினால் தோல் வெந்துபோகும்.

மறுபடி நடக்கவைப்பது

டாக்டர் சரி சொன்ன பிறகுதான் இந்தக் கட்டம். ஆரம்பம் படுக்கையிலேயே. நாயை நல்ல பக்கமாகப் படுக்கவைத்து, ஒவ்வொரு மூட்டாக, மெதுவாக மடக்கி நீட்டுங்கள், பத்துத் தடவை, நாளைக்கு இரண்டு மூன்று வேளை. திரும்பிப் பார்க்கிறது, உதட்டை நக்குகிறது, மூச்சு வேகமாகிறது என்றால் அது வலி, அந்த அளவோடு நிறுத்துங்கள். அப்புறம் சாக்கின்மேல் நிற்கவைத்து, இடுப்பில் கையை வைத்து லேசாக இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாயவிடுங்கள், அடிபட்ட கால் தானாக எடையை ஏற்கப் பழகும்.

நடைக்கு ஒரே விதி: மெதுவாக. நாய் வேகமாகப் போனால் அடிபட்ட காலைத் தூக்கிக்கொண்டு கெந்திக் கெந்திப் போய்விடும், வலியும் இல்லை, காலுக்கு வேலையும் இல்லை. நிதானமாக, கோயில் பிராகாரம் சுற்றுகிற பாட்டியின் வேகத்தில் நடந்தால், நான்கையும் வைத்தே ஆக வேண்டும். ஐந்து நிமிஷத்தில் ஆரம்பித்து, நாளைக்கு மூன்று தடவை, வாரத்துக்கு இரண்டு மூன்று நிமிஷம் கூட்டுங்கள். மறுநாள் காலையில் எழுந்திருக்கும்போது முந்தின நாளைவிட அதிகமாக நொண்டினால் போன வாரத்து அளவுக்குத் திரும்பிப் போங்கள். இந்த மறுநாள் காலைக் கணக்குத்தான் அளவுகோல், நடக்கும்போது அது காட்டுகிற உற்சாகம் இல்லை. கெட்டியான மண் பாதை நல்லது. தார் ரோடு வெயிலில் பாதத்தைச் சுடும், காவிரி, கொள்ளிட மணலில் கால் புதைந்து மூட்டு இழுபடும், அதனால் மணல் கடைசி வாரங்களுக்குத்தான்.

மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவார்கள். வாய்க்காலில் தண்ணீர் இருக்கிற மாதங்களில் புண் முழுக்க மூடியிருந்தால் அதையும் பயன்படுத்தலாம். இடுப்பளவு தண்ணீரில் நிற்கிற நாயின் காலில் விழுகிற எடை பாதிக்கும் கீழே போய்விடும், ஆகவே வலியில்லாமல் நான்கு காலையும் வைத்து நடக்கும். ஆனால் ஓட்டமில்லாத, அடி தெரிகிற, இறங்க ஏறச் சரிவான இடமாக இருக்க வேண்டும், நீங்களும் கூடவே இறங்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். படித்துறைப் படிக்கட்டு பாசியில் வழுக்கும், வேண்டாம். எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் எலிக்காய்ச்சல் வரும் என்பதால் அந்தத் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று முதலில் அட்டையைப் பாருங்கள். வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துவிடுங்கள்.

சாப்பாடு

ஓய்வில் இருக்கிற நாய்க்குப் பழைய அளவு சோறு போட்டால் குண்டாகும், கூடுகிற ஒவ்வொரு கிலோவும் மற்ற மூன்று காலுக்குத்தான் பாரம். சோற்றைக் குறைத்து, சிறுநீரகம் சரியாக இருந்தால் வேகவைத்த முட்டை, கோழி, முள் எடுத்த மத்தி மீன் என்று கூட்டுங்கள். விலா எலும்பைக் கையால் தடவினால் தெரிய வேண்டும், கண்ணுக்குத் துருத்தக் கூடாது. சாம்பார் சோறு வேண்டாம், வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்த அணுக்களை உடைக்கும். பாயசத்து உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெந்த எலும்பு உடைந்து குடலைக் குத்தும். எலும்பு சேரட்டும் என்று சுண்ணாம்புச் சத்து மாத்திரையை நாமே அள்ளிப் போடுவதும் சரியில்லை, தேவையா என்று டாக்டர் சொல்லட்டும்.

தேறாவிட்டால்

"வயசாயிடுச்சு தம்பி, இனிமே அதைப் போட்டுக் கஷ்டப்படுத்தாதே" என்று பக்கத்து வீட்டுப் பெரியப்பா நல்லெண்ணத்தில்தான் சொல்வார். அவருக்குக் கோபப்படாமல் பதில் சொல்லுங்கள்: "பார்ப்போம் பெரியப்பா, இன்னும் சாப்பிடுது, ஆள் வந்தா வாலாட்டுது." நிஜமாகவே அந்த இரண்டும் இருக்கிற வரைக்கும் முயற்சி செய்யலாம். ஆறு வாரம் கழித்தும் காலை ஊன்றவே இல்லை என்றால் மறுபடி எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். நாய் நடப்பதைப் பக்கவாட்டிலும் பின்னாலிருந்தும் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள், மருத்துவமனையில் பயத்தில் எந்த நாயும் வீட்டில் நடக்கிற மாதிரி நடக்காது. காலை எடுத்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொன்னாலும் உடனே நம்பிக்கை இழக்க வேண்டாம். மற்ற மூன்றும் நன்றாக இருந்தால் வயசான நாய்களும் மூன்று காலில் வாழ்கின்றன, அந்த மூன்றை இத்தனை நாள் பார்த்துக்கொண்டது அப்போது உதவும். மருந்துக்கும் வலி அடங்கவில்லை, சோறு தண்ணீர் எடுக்கவில்லை, படுத்த இடத்தில் புண்மேல் புண் என்றால் வலியில்லாமல் முடித்துவைப்பதைப் பற்றி டாக்டரிடமே நேராகக் கேளுங்கள். அதைக் கேட்பது துரோகம் இல்லை.

தேறின நாய்க்கும் சாக்குப் பாதையை எடுத்துவிட வேண்டாம், அது இனி வீட்டின் ஒரு பகுதி. நகம் மூன்று வாரத்துக்கு ஒரு தடவை, எடை மாசம் ஒரு தடவை, ரத்தப் பரிசோதனை ஆறு மாசத்துக்கு ஒரு தடவை. மழை ஈரத்தில் பழைய மூட்டுகள் இறுகிக்கொள்ளும், ஆகவே ஐப்பசி பிறக்கும் முன்பு, புரட்டாசியிலேயே டாக்டரிடம் ஒருமுறை காட்டி, மழை மாதங்களுக்கு மூட்டு மருந்து வேண்டுமா என்று கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.